மீதி நாலு வரி

ஆல்பத்தின் அட்டைப்பட மாதிரி தேவானையின் கைப்பேசிக்கு வந்தபோது, அவள் ஏறியிருந்த ஆட்டோ லஸ் முனைக்குச் சற்று முன்னால், மெட்ரோ வேலைக்காக அடித்திருந்த தகரத்தை ஒட்டி இருபது நிமிஷமாக நகராமல் நின்றுகொண்டிருந்தது. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. புடவைத் தலைப்பால் நிழல் கட்டிக்கொண்டு பார்த்தாள். முதலில் தெரிந்தது அவளுடைய முகம்தான். முப்பது வருஷத்துக்கு முன்பு யாரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மைக்கைக் கடித்துவிடுகிறவளைப் போல வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் தேவானை. அதற்கும் கீழே ‘அடையாற்றுப் பாடல்கள்’. விரலால் படத்தை மேலே தள்ளினாள். கிடார், டிரம்ஸ், பேஸ், ஒலிப்பதிவு என்று ஒவ்வொருவர் பெயரும் வரிசையாக இருந்தது. ஸ்டூடியோவுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்குக்கூட நன்றி போட்டிருந்தார்கள். பாடல்கள் என்ற இடத்துக்கு நேராக ஒரே ஒரு சொல் இருந்தது. பாரம்பரியம்.

தேவானைக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். பிறகு தொண்டை காய்ந்துபோகும். இந்த இரண்டும் ஆன பிறகு அவள் என்ன பேசுகிறாள் என்பது அவள் கையில் இல்லை. நடந்தாலே சீக்கிரம் போய்விடலாம் என்று ஆட்டோக்காரரே சொன்னார். இறங்கி லஸ் சர்ச் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். மணி பத்தரை. பதினொரு மணிக்கு ரங்கன் ஸ்டூடியோவுக்கு வருவார். வரச் சொன்னதே அவள்தான். நேற்றுக்கூட போன் பண்ணி, எட்டுப் பாட்டு முடிந்துவிட்டது, ஒன்பதாவதைப் பாடும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒன்பது பாட்டையும் கட்டியவர் அவர். அறுபத்தாறு வயது, நல்ல உயிரோடு, பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்நேரம் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பள்ளி முடித்து நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், சனிக்கிழமைகளில் ‘ஹை டைட்’ என்ற ராக் குழுவில் பாடப் போனாள். கல்லூரி விழாக்களில் புடவையோடு மேடை ஏறுகிற அவளைப் பார்த்து முதல் பாட்டுக்குப் பையன்கள் ஊளையிடுவார்கள். இரண்டாவது பாட்டுக்கு அடங்குவார்கள். மூன்றாவதுக்கு நாற்காலி மேல் ஏறி நிற்பார்கள். பத்திரிகைகள் அவளை மெட்ராஸின் ராக் ராணி என்று எழுதின. குழு கலைந்து, ஒருவன் கனடாவுக்கும் ஒருவன் ஆசிரமத்துக்கும் போன பிறகும் அவள் பாடுவதை நிறுத்தவில்லை. கிடைத்த இடத்தில் எல்லாம் பாடினாள். ஆனால் நாற்பது வருஷத்தில் ஒரு பாட்டுகூடச் சொந்தமாக எழுதியதில்லை. உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். வரவில்லை. பேட்டி எடுக்கிறவர்கள் இதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

ரங்கன் அப்போது சாமான் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் குடிசை. ‘ஹை டைட்’ குழுவுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விட்ட துரைராஜின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் வேலை. அவர் பாடுவார் என்பதே தேவானைக்குத் தெரியாது. துரைராஜ் செத்த அன்றைக்கு, பாடை கட்டிக்கொண்டிருந்த மத்தியானத்தில், ஒரு தகர டப்பாவை மோதிர விரலால் தட்டிக்கொண்டு அவர் கானா பாட ஆரம்பித்தார். துரைராஜுக்கு மிளகாய் பஜ்ஜி என்றால் எவ்வளவு பிடிக்கும், மழை வந்தால் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயருக்குக் குடை பிடிப்பார், கடன் கேட்டு வந்தவனிடம் எப்படி ஊமை வேஷம் போடுவார் என்று எல்லாம் பாட்டில் வந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே இன்னும் சத்தமாக அழுதார்கள். அவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தேவானைக்கு உடம்பெல்லாம் கூசியது. பனி பெய்கிற ஊர்களைப் பற்றிய இங்கிலீஷ் பாட்டை அர்த்தம் தெரியாமல் அஞ்சு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தவள் அவள். உன் பாட்டையெல்லாம் ஒரு நாள் நான் ரிக்கார்டு பண்றேன்ணே என்று அன்றைக்கே சொன்னாள். பண்ணு என்றார் ரங்கன். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் போயிருந்தது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்தில், தையற்கடை மாடியில் இருந்தது ஸ்டூடியோ. லிஃப்ட் கிடையாது. இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க அவள் உள்ளே நுழைந்தபோது பிரபாகர் எழுந்து ஏசியைக் கூட்டினான். முப்பத்துநாலு வயது. பெருங்குடியில் ஐடி வேலையை விட்டுவிட்டு இந்த இசைக் கம்பெனியைத் தொடங்கியவன். கெட்டவன் இல்லை. இந்த ஆல்பத்துக்காக வேறு யாரும் முன்வராதபோது வந்தவன். குரலை உயர்த்தவே மாட்டான், அதுதான் அவளுக்கு அவனிடம் பொறுக்காத ஒன்று. உட்காருங்க மேம், தண்ணி குடிங்க என்றான். அவள் உட்காரவில்லை. கைப்பேசியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

வக்கீல் சொன்னபடிதான் செய்திருக்கிறது என்று அவன் பொறுமையாக விளக்கினான். ரங்கன் எழுதியதாக ஒரு காகிதம் கிடையாது, தேதி கிடையாது, பழைய கேசட் கிடையாது. இந்த ஒன்பதில் இரண்டு பாட்டை வேறு யார் யாரோ பாடி யூடியூபில் போட்டிருக்கிறார்கள், அதில் ஒருவன் தானே கட்டியதாக மார்தட்டுகிறான். நாளைக்கு அவன் கேஸ் போட்டால் ஆல்பத்தையே இறக்க வேண்டி வரும். பாரம்பரியம் என்று போட்டுவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது. அதோடு, மேம், போன மாசம் பேட்டியில் நீங்களே சொன்னீர்களே, இது ஒரு ஆள் பாட்டு இல்லை, நம்ம ஊரோட பாட்டு என்று. நான் அதைத்தான் வக்கீலிடம் காட்டினேன்.

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். எதிரே உட்கார்ந்து பேட்டி எடுத்த பெண் கண்ணை விரித்துத் தலையாட்டியதில் வாய் தானாகச் சொன்ன வார்த்தை. அது இப்போது காகிதமாகித் திரும்பி வருகிறது. அது பேச்சுக்குச் சொன்னது, அந்த மனுஷன் இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் படியில் ஏறி வரப்போகிறார், அவருக்கு ஆதார் கார்டு இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, அவரை எப்படி நீ பாரம்பரியம் என்று போடுவாய் என்று கத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த தமிழ்மாறன் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டான்.

“அவர் இருக்கார்ங்கிறதை நான் இல்லைன்னு சொல்லல மேம்” என்றான் பிரபாகர். “அவர்தான் எழுதினார்னு சொல்ல நம்ம கையில ஒண்ணும் இல்ல. பாட்டுக்குள்ள எங்கேயாவது அவர் பேர் வந்திருந்தாக்கூட நான் வக்கீல்கிட்ட சண்டை போட்டிருப்பேன்.”

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. அவன் கேட்டதெல்லாம் பாட்டுகளை அவள் சீராக்கிக் கொடுத்த பிறகுதான். தேவானை திறந்த வாயை மூடினாள். மேஜை மேல் அவளுடைய நீல அட்டை நோட்டு கிடந்தது. அதற்குள் ஒன்பது பாட்டும் அவள் கையெழுத்தில் இருந்தன. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் நாலு வரி, அதன் மேல் குறுக்காகப் பென்சில் கோடு.

கானா கட்டுகிறவர்கள் கடைசியில் தங்கள் பேரை வைத்துத்தான் முடிப்பார்கள். கோட்டூரு ரங்கன் கட்டின பாட்டு என்று அவரும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக வைத்திருந்தார். மார்ச் மாதம் மந்தைவெளியில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தமிழ்மாறனும் அவளும் உட்கார்ந்து பாட்டுகளுக்கு வடிவம் கொடுத்தபோது, முடிவில் கிடார் தனியாகப் போகட்டும், இந்த நாலு வரி ராக்கில் ஒட்டாது என்று சொல்லி அவள்தான் அடித்தாள். தமிழ்மாறன்கூட, இருந்தா நல்லாத்தான இருக்கு என்றான். இல்லை, பாட்டின் வேகம் குறைகிறது என்றாள். ஒட்டாது என்பது பொய் என்று அவளுக்கு அப்போதே தெரியும். அந்த நாலு வரிக்கு வரும் வரைக்கும் பாட்டு அவளுடையதாக இருக்கும். அவர் பேரைச் சொன்ன அந்தக் கணத்தில் அவள் வெறும் வாயாகிவிடுவாள். நாற்பது வருஷம் அடுத்தவர் பாட்டுக்கு வாயாக இருந்தது போதாதா என்று ஒரு நினைப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை. பென்சிலை அழுத்தி ஒன்பது கோடு போட்டாள். ரங்கனிடமும் சொல்லவில்லை. அவர் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரங்கன் பதினொன்றே காலுக்கு வந்தார். கூட மகள் முத்துமாரி. பெருங்குடியில் ஓர் ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவள், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவருக்கு முழங்கால் வலி. ஏறி வந்ததில் முகம் வேர்த்திருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டிருந்தார், கல்யாணத்துக்கு வருகிறவர்போல. பிரபாகரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தேவானையைப் பார்த்து, “இன்னா தேவானை, மூஞ்சி செவந்துகீது” என்றார். வெயிலில் நடந்து வந்ததாக அவள் சொன்னாள்.

அட்டைப்படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தேவானை அதைக் கவனிக்கவே இல்லை. முத்துமாரி கவனித்தாள். பக்கத்தில் போய், படிக்கத் தெரியாத அப்பாவுக்காக ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தாள். தேவானை என்று படித்தபோது திரும்பிச் சிரித்தாள். அடையாற்றுப் பாடல்கள் என்றபோது ரங்கன் தலையாட்டினார். கிடார் இன்னார், டிரம்ஸ் இன்னார் என்று விரலை வைத்துக்கொண்டே வந்தவள், அந்த இடத்தில் விரலை நிறுத்தினாள். பாடல்கள், பாரம்பரியம் என்று படித்துவிட்டு, மறுபடியும் மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள்.

“யாரு அது பாரம்பரியம்?” என்று கேட்டார் ரங்கன்.

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. யாரோ ஓர் ஆளின் பேர் என்றுதான் நினைத்தார். பிரபாகர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். முத்துமாரி தேவானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தேவானை சுவரைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப காலமா ஜனங்க பாடிக்கினு வர்ற பாட்டுக்கு அப்படிப் போடுவாங்க, யாரு கட்டுனதுன்னு தெரியாத பாட்டுக்கு என்று சொன்னாள்.

“ரொம்ப காலமா?” என்றார் ரங்கன். “தேசம்மா செத்து ஒம்போது வருசந்தான ஆவுது.”

தேசம்மா அவருடைய மனைவி. வெள்ளம் வந்த பிறகு அரசாங்கம் ஆற்றோரக் குடிசைகளை எடுத்து, அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய அடுத்த வருஷம் இறந்துபோனாள். அவளுக்காக அவர் கட்டியதுதான் இன்றைக்குப் பதிவாக வேண்டிய ஒன்பதாவது பாட்டு. உலை கொதிக்குது, எந்தத் துணியால் பிடிச்சு இறக்குவே தேசம்மா என்று ஆரம்பிக்கும். சாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்டுக்கொண்டே போகும். தீப்பெட்டி எங்கே, ரேஷன் பை எங்கே, என் கண்ணுக்கு விடுகிற மருந்து எங்கே.

அவர் முதலில் பாட்டைக் கேட்கட்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பிரபாகர் நடுவில் புகுந்தான். அவரை நல்ல நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டான். மீன்பாடி வண்டியைப் பற்றிய பாட்டு. டிரம்ஸ் விழுந்த உடனே ரங்கனின் புருவம் ஏறியது. தேவானையின் குரல் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. முகத்தில் ஒரு வெட்கம்கூட இருந்தது, கூட்டத்தில் யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல. உள்ளே என்ன ஓடுகிறது என்பது தேவானைக்கு அணு அணுவாகத் தெரியும். இந்த இடத்தில் சரணம். இங்கே கிடார் நுழைகிறது. இங்கே அவள் அடித்தொண்டையில் கத்துகிறாள். இதோ முடிகிறது. ரங்கன் ஒரு கையை லேசாகத் தூக்கினார், அடுத்த வரிக்கு எடுத்துக்கொடுக்கிறவர்போல. கை அப்படியே நின்றது. கிடார் அடங்கி, திரையில் கோடு தட்டையாகிவிட்டது. அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “மீதி எங்க?” என்றார்.

பிரபாகர் தேவானையைப் பார்த்தான். அவன் முகத்தில் சட்டென்று ஏதோ புரிந்தது தெரிந்தது. மேஜை மேல் கிடந்த நோட்டைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், பிறகு நகத்தைப் பார்த்துக்கொண்டான். கம்பெனிக்காரன் எடுத்துவிட்டான் என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். அவன் மறுத்திருக்க மாட்டான் என்றுகூடத் தோன்றியது. அரை மணி நேரமாக அவன் மேல் கொட்டிய கோபம் அத்தனையும் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அந்த எண்ணம் வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“நான்தாண்ணே எடுத்தேன்” என்றாள்.

“இதுலியா, எல்லாத்துலியுமா?”

“எல்லாத்துலியும்.”

ரங்கன் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் அவளும் ஏதாவது கத்தியிருப்பாள். கத்துவது அவளுக்குத் தெரிந்த தொழில். அவர் கத்தவில்லை. ஹெட்ஃபோன் வயரை ஒழுங்காகச் சுற்றி மேஜை மேல் வைத்தார்.

“பேங்க்குல, ஆபீஸ்ல, வூடு குடுக்கும்போது, எல்லா எடத்துலயும் கைநாட்டுதான் வச்சிக்கினு வந்தேன்” என்றார். “எனக்குன்னு கையெழுத்து மாரி இருந்தது அந்த நாலு வரிதான் தேவானை. உனுக்கு அது தெரியாதா?”

தேவானை மேஜை மேல் கிடந்த நோட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முத்துமாரிதான் பேசினாள். அவள் ஆறு வயதிலிருந்து தேவானையை அத்தை என்று கூப்பிடுகிறவள். அத்தை, எட்டுப் பாட்டு பாடிட்டீங்க, அது உங்க மனசாட்சி, எங்க அம்மா பாட்டை மட்டும் பாடக் கூடாது என்றாள். கையிலிருந்த பையைத் தோளில் மாட்ட இரண்டு தடவை முயன்று, மாட்டினாள்.

பிரபாகர் தேவானையின் பக்கம் சாய்ந்து, காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு, பாரம்பரியம் என்று போட்டுவிட்டதால் சட்டப்படி யாருடைய சம்மதமும் தேவையில்லை மேம் என்றான். அந்த அறை கட்டப்பட்டதே சின்னச் சத்தமும் காதில் விழுவதற்காகத்தான். முத்துமாரிக்குக் கேட்டுவிட்டது.

“கட்டுனவன் யாருன்னு தெரியாது” என்றாள் அவள். “அப்போ செத்தது யாரு சார்?”

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். இரட்டைக் கதவு. முதல் கதவு மூடி, பிறகு இரண்டாவதும் மூடியது. அவர்கள் படி இறங்குகிற சத்தம்கூட உள்ளே வரவில்லை. அப்படி ஓர் அமைதியைத் தேவானை வெறுத்தாள். ஸ்டூடியோக்களின் இந்தச் செத்த அமைதி அவளுக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தமிழ்மாறனும் டிரம்ஸ்காரரும் எதுவும் கேட்காததுபோல உட்கார்ந்திருந்தார்கள். பிரபாகர் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். ஸ்லாட் மூன்று மணி வரைக்கும்தான் இருக்கிறது என்று நினைவூட்டினான். அவருடன் பிறகு உட்கார்ந்து பேசலாம், பெரியவர், கோபம் தணிந்துவிடும் என்றான். பிறகு, நல்லதற்குச் சொல்கிற தொனியில் இதையும் சொன்னான்.

“இப்போ இருக்கிற இந்த இமோஷனோட தேசம்மாவைப் பாடிடுங்க மேம். ஒரே டேக்ல வந்துடும்.”

தேவானை தம்ளரைக் கீழே வைத்தாள். மந்தைவெளியில் ஃபிளாட் வாங்கி, மேடையில் பேசப் பழகி, பேட்டிகள் கொடுத்து, இருபது முப்பது வருஷத்தில் அவள் தன் பேச்சைத் துடைத்து வைத்திருந்தாள். பட்டினப்பாக்கம் ஏழாவது பிளாக் முழுக்க இப்போது அவள் வாயில் வந்து நின்றது.

“செத்தவ வூட்ல பூந்து இமோஷன் அள்ளிக்கினு வரச் சொல்றியா நைனா?” என்றாள். “நீ பேரு போடலன்னு உன்னிய கேக்க வந்தேன். பேர எடுத்தவளே நான்தான். உன்னிய திட்டவும் எனுக்கு யோக்யத இல்ல. அந்தப் பாட்ட பாட மாட்டேன். நீ மைக்க ஆன் பண்ணு.”

அவனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. உள்ளே போய் மைக்கை ஸ்டாண்டோடு தூக்கினாள். விலை உயர்ந்த மைக், அதைத் தொடாதீர்கள் என்று ஒலிப்பதிவுக்காரர் எழுந்தார். அப்படியானால் வேறு கொடு, விலை குறைந்ததாக, வயர் நீளமாக என்றாள். மேடை மைக் ஒன்றை ஸ்டாண்டோடு எடுத்துக் கொடுத்தார்கள். வயரை இழுத்துக்கொண்டே வந்து, இரண்டு கதவையும் உதைத்துத் திறந்து, அவை மூடிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு நாற்காலியைத் தள்ளினாள். தெருச் சத்தம் மொத்தமாக உள்ளே வந்தது. தையல் மிஷின், ஹார்ன், எங்கேயோ தரையைக் குடைகிற மிஷின், எதிர் டீக்கடையில் யாரோ யாரையோ திட்டுவது. வெளிச் சத்தமெல்லாம் ஏறும் மேம், ஒன்றுக்கும் உதவாது என்றான் பிரபாகர். ஏறட்டும் என்றாள். அவன் தன் பொறுமையை முதன்முறையாக இழந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றான். போட்டேன், நான் கையெழுத்துப் போட்டேன், அவர் கையெழுத்தை அடித்தேன், அதைத்தான் சொல்கிறேன் என்றாள். எட்டுப் பாட்டுக்கும் மீதி நாலு வரி இருக்கிறது, அதைச் சேர்த்தால் ஆல்பம் வரட்டும். சேர்க்காவிட்டால், இந்தப் பாட்டுகளைப் பற்றி எவன் எங்கே மைக்கை நீட்டினாலும் யார் கட்டியது, யார் அடித்தது, யார் மறைத்தது என்று அவள் சொல்வாள். முதலில் தன் பேரையே சொல்வாள். பிரபாகர் ஒலிப்பதிவுக்காரரிடம் தலையை அசைத்தான். சம்மதமா சலிப்பா என்று சொல்ல முடியாத அசைவு. சிவப்பு விளக்கு எரிந்தது.

படிக்கட்டின் உச்சியில் நின்று அவள் எட்டிப் பார்த்தாள். ரங்கன் முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் அதற்கு மேல் இறங்க விடவில்லை போலிருக்கிறது. ஒரு காலை நீட்டி வைத்திருந்தார். முத்துமாரி நின்றபடி கைப்பேசியில் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நோட்டைப் பிரித்தாள். பென்சில் கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. கிடார் இல்லை, தாளம் இல்லை, காதில் எண்ணிக்கை சொல்ல எதுவும் இல்லை. அடித்தொண்டையிலிருந்து எடுத்தாள். வயதான குரல், மேலே போனால் உடைகிற குரல், அதை மறைக்க அவள் கற்றிருந்த தந்திரம் எதையும் செய்யவில்லை.

“ஆத்தோரம் பொறந்தவன், அடையாறு வளத்தவன்,
சோத்தோட பாட்டையும் சேத்துப் பெசஞ்சவன்,
கோட்டூரு ரங்கன் கட்டுன பாட்டு, இத
கேட்டுக்கினு போறவன் சொல்லிக்கினு போ நைனா.”

படிக்கட்டின் சுவர்களில் மோதி அது கீழே இறங்கிப் போனது. தையல் மிஷின் நின்றது. முத்துமாரி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை, இவ்வளவு நேரம் இது எங்கே போயிருந்தது என்ற கேள்வி மட்டும் இருந்தது. தேவானை இரண்டாவது பாட்டின் நாலு வரியைப் பாடினாள். மூன்றாவதைப் பாடினாள். கோபம் குறையவில்லை. ஒவ்வொரு தடவை அந்தப் பேரை உச்சரிக்கும்போதும் பென்சிலை அழுத்திய விரல் ஞாபகம் வந்து இன்னும் ஏறியது. நாலாவதில் பேர் வருகிற வரி, கோட்டூரு ஆத்தங்கர குடிசையில குந்திக்கினு என்று ஆரம்பிக்கும். அதைப் பாதி பாடும்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“அது பழசு.”

ரங்கன்தான். திரும்பாமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தப்பான வார்த்தையைக் கேட்டுச் சும்மா இருக்க முடியாதவரின் எரிச்சல் மட்டுமே அந்தக் குரலில் இருந்தது. நீ சும்மா இருப்பா என்றாள் முத்துமாரி.

தேவானை பாட்டை நிறுத்தினாள். பழையது. குடிசையே போய்விட்ட பிறகு அவர் அந்த வரியை மாற்றியிருக்கிறார். எப்போது என்று தெரியாது. இந்தப் பத்து வருஷத்தில் அவள் பெரும்பாக்கத்துக்குப் போனது இரண்டே தடவை. தேசம்மா சாவில் அவர் பாடியதை மட்டும் எழுதிக்கொண்டாள், மற்றவற்றைப் பாடச் சொல்லிக் கேட்கவில்லை, பழைய நோட்டு இருக்கிறதே என்று இருந்துவிட்டாள்.

“புதுசு இன்னாண்ணே?” என்று கேட்டாள்.

உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கிறது மேம் என்று பிரபாகர் மெதுவாகச் சொன்னது கேட்டது. அவள் மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றினாள். வயர் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஐந்து படி இறங்கினாள். அதற்கு மேல் வயர் வரவில்லை. கைப்பிடிக் கம்பியைத் தாண்டிக் கையை முழுக்க நீட்டி, மைக்கைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்தாள்.

தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருவர் தோளில் கேனோடு ஏறி வந்தார். வழியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத் தயங்கி நின்றார். ரங்கன் நீட்டியிருந்த காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கி வழிவிட்டார். கேன்காரர் அவரைத் தாண்டி, தொங்குகிற வயருக்கு அடியில் குனிந்து, தேவானையைத் தாண்டி மேலே போனார். கேன் தரையில் இறங்குகிற சத்தம் கேட்டது. கீழே சந்து முனையில் ஓர் ஆட்டோ ஹார்ன் அடித்தது. நம்ம ஆட்டோதான், எழுந்திருப்பா என்றாள் முத்துமாரி. தேவானை நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. ரங்கன் மடக்கிய காலைத் தடவிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.